கோடிச் சேலையும் ஒரு செம்புக் குழாயும்

"வியாழன், காலை 7.10. அடிவாரம். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். மேலே சத்தம் அறவே இல்லை. ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. பரம திருப்தி."

என் கார் நோட்டின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. 'பரம திருப்தி'க்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடும் போட்டிருக்கிறேன். இதை எழுதிய நாலே மணி நேரத்தில் அந்த இன்ஜின் செத்தது. எழுதுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே என் அக்கா செத்திருந்தாள். அந்தச் செய்தி 7.25க்குத்தான் எனக்கு வந்தது என்பதால் என் திருப்தியை மன்னிக்கலாம். இன்ஜின் செத்த விஷயத்தை மன்னிக்கத்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் மனம் வரவில்லை.

நான் எதையும் நாள், நேரம் போட்டு எழுதி வைக்கிறவன். கண்டதையும் படிக்கிறவன். இந்த இரண்டு பழக்கமும் உள்ளவனிடம் ஒரு பழைய காரும் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு எதிரி தேவையில்லை.

காரைச் செய்த கம்பெனியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் ஒழுங்காகத்தான் செய்து கொடுத்தார்கள். பிறகு நடந்ததெல்லாம் என் கைவரிசை. மலை ஏறத் தெம்பு போதவில்லை என்று, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை லேத்துப் பட்டறையில் கொடுத்து இழைத்தேன். வால்வுகளுக்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டேன். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தேன். தெம்பு வந்தது. கூடவே டிக் டிக் என்று ஒரு சத்தமும் வந்தது.

அக்கா ருக்மணி ஏற்காட்டைத் தாண்டி செம்மநத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள். காப்பியும் மிளகும் போட்டுக் குடித்தனம் செய்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கார் முதன்முதலாக அவள் வாசலில் போய் நின்றபோது பத்துப் பேர் முன்னால் கேட்டாள்: "ஏஞ்சாமி, கார்ல வந்தியா, இல்ல தையல் மிசின மிதிச்சுட்டே வந்தியா?"

அன்று இரவே புத்தகங்களை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இன்ஜினின் எண்ணெய் அடியில் ஒரு தொட்டியில் கிடக்கிறது. மெக்கானிக்குகள் அதைச் சேம்பர் என்பார்கள். பம்ப் அதை உறிஞ்சி முதலில் கீழே சுழலும் பேரிங்குகளுக்குக் கொடுக்கும். மிச்சத்தில் கொஞ்சம், சின்னஞ்சிறு வழியாக ஹெட்டுக்கு ஏறி, வால்வுகளை அழுத்தும் கைகளை நனைத்துவிட்டுக் கீழே இறங்கிவரும். விறைப்பான ஸ்பிரிங் போட்ட பிறகு அந்தக் கொஞ்சம் போதவில்லை. அதனால்தான் சத்தம். பிரஷர் விளக்கின் ஒயர் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து வெளியே ஒரு செம்புக் குழாய் இழுத்து நேராக ஹெட்டுக்கு எண்ணெய் கொடுத்தால் தீர்ந்தது. பல தேசத்துப் பைத்தியங்கள் இதைச் செய்திருக்கிறார்கள். படித்திருக்கிறேன்.

அடிவாரத்து மெக்கானிக் பழனிச்சாமி குழாயை மாட்டிக் கொடுத்தார். அதன் வாயில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட ஒரு பித்தளை அடைப்பையும் வைத்தார். "இத மட்டும் எடுத்துராதீங்க" என்றார். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மூன்றாம் நாள் நான் டிரில்லோடு போய், அந்த ஓட்டையில் பென்சில் நுழைய வேண்டும் என்றேன்.

"ஏனுங்க, மேல அத்தன ஆயில் போனா கீழ வந்து சேர வேண்டாமுங்களா? எறங்கற ஓட்டை பழைய ஓட்டைதானுங்களே?"

"பழனிச்சாமி, ரேஸ் கார்களில் எல்லாம் எப்படி ஓடுகிறதென்று நினைக்கிறீர்கள்?"

"ரேசு வண்டிய நான் பாத்ததில்லீங்க. உங்க வண்டியத்தான் பாக்கறன், வாரம் ரெண்டு தடவ."

டிரில் செய்தேன். சத்தம் நின்றது. நாற்பத்து மூன்றாம் பக்கம் பிறந்தது. பதினைந்து நிமிடம் கழித்து போன் அடித்தது.

அக்காவின் கணவர், என் மாமா. "மாப்ள, உங்கக்கா போயிட்டாளுங்க. விடியக்காலம் நாலு மணிக்கு. இங்க மழை, டவரு கெடைக்கல. இப்பத்தான் மேட்டுக்கு வந்து பேசறன்."

இரண்டு வருடமாகச் சர்க்கரையும் இதயமும் சேர்ந்து அவளைப் படுத்திக்கொண்டிருந்தன. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் பானட்டின் மேல் கை ஊன்றி நின்றேன். (இன்ஜினைச் சோதிப்பதாக நினைத்து மனைவி கூப்பிடவில்லை.)

எங்கள் பக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். உடன்பிறந்தவன் அதைத் தன் கையால் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அப்பா அம்மா இல்லை. உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

துணிக்கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலை. 10.40க்கு அடிவாரத்தில் நின்றோம்: நான், மனைவி செல்வி, முழங்கால் தேய்ந்த சித்தப்பா.

"ஏனுங்க, பஸ்ல போயிரலாமுங்க" என்றாள் செல்வி.

"காரு ரெடின்னா கார்லயே போலாங் கண்ணு" என்றார் சித்தப்பா. "பஸ் படிக்கட்டு எனக்கு ஆவாது."

நான் சித்தப்பாவுக்காகத்தான் காரை எடுத்தேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். சத்தமே இல்லாத காரில் அக்கா வாசலில் போய் இறங்க வேண்டும் என்று தோன்றியது. கேட்க அவள் இல்லை என்பது தெரிந்தும் தோன்றியது.

வண்டி நெய்யில் வழுக்கியதுபோல ஏறியது. நாலாம் வளைவில் எதிரே வந்த லாரிக்காரர் தலையை நீட்டி, "பின்னால நொம்பப் பொகைங்க!" என்றார். மேகம் என்றேன். மேகம் எப்போது நீல நிறத்தில் வந்தது என்று சித்தப்பா கேட்டார். ஒன்பதாம் வளைவில் எங்கள் காலடியிலிருந்து, அம்மியில் குழவியைப் போட்டுத் தட்டுவது போல ஒரு சத்தம். மேலே அமைதி, கீழே அம்மி. பதினொன்றாம் கொண்டை ஊசி வளைவின் நட்ட நடுவில், 11.05க்கு, எல்லாம் நின்றது. இன்ஜின் ஜாம்.

பானட்டைத் தூக்கினேன். ஹெட்டின் மேல் எண்ணெய் ஊற்றும் சின்ன மூடியைத் திருகினால் எண்ணெய் விளிம்பு வரை தளும்பியது. அடியில் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தால் பொட்டு ஈரமில்லை. இறங்க வழி போதாமல் எல்லா எண்ணெயும் மேலே தேங்கிவிட்டது. கீழே பேரிங்குகள் எண்ணெயில்லாமல் கருகிவிட்டன. விளக்கு ஏன் எரியவில்லை? அதன் ஒயர் பக்கத்திலேயே அநாதையாகத் தொங்கியது. குழாய்க்கு இடம் வேண்டி நான்தான் கழற்றச் சொன்னேன். 'இனி விளக்கு எரியாது என்று பழனிச்சாமி எச்சரிக்கிறார்' என்று நாற்பத்து ஒன்றாம் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

11.20க்கு ஏற்காடு பஸ் வந்தது.

"ஏனுங்க, கை காட்டுங்க. ஏறிரலாம்."

"அஞ்சு நிமிஷம் செல்வி. மேலே இருக்கும் எண்ணெயைக் கீழே இறக்கிவிட்டால் போதும்."

"அங்க பொணம் காத்துட்டு கெடக்குதுங்க!"

"அஞ்சே நிமிஷம்."

பஸ் போனது. என் வாழ்க்கையில் நான் விட்ட பஸ்களுக்குக் கணக்கில்லை. இந்த ஒன்றின் பின்பக்கம் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

நான் ஸ்பேனரை எடுத்து ஹெட்டின் மூடி முழுவதையும் கழற்றினேன். கார் சரிவில் நின்றது என்பதை நான் யோசிக்கவில்லை. கழன்ற மறு நொடி எண்ணெய் மொத்தமும் வழிந்து, ரோட்டில் பளபளவென்று இறங்கி ஓடியது. இரண்டாவது நிமிடம் மேலிருந்து வந்த ஒரு மோட்டார் சைக்கிள் அதன்மேல் படுத்துச் சறுக்கிக்கொண்டே போய்ச் சுவரோரம் நின்றது. நல்லவேளை, ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். எழுந்து வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, ரோட்டுல ஆயில ஊத்தித் தோசை சுடறீங்களா?"

போன் அடித்தது. மாமா. "மாப்ள, எங்க இருக்கீங்க? குழி வெட்டியாச்சுங்க. மழை வலுக்குது. குழியில தண்ணி ஊறுது."

"அரை மணி நேரம் மாமா."

அந்த அரை மணி நேரத்தை நான் மூன்று முறை சொன்னேன்: 11.32, 11.58, 12.20. மூன்று முறையும் பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

12.25க்கு அடுத்த பஸ். செல்வி நடு ரோட்டில் போய் நின்று அதை நிறுத்தினாள். சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சித்தப்பாவை இடுப்பில் கை கொடுத்து ஏற்றினாள். நானும் படியில் கால் வைத்தேன்.

"நீங்க எங்க ஏர்றீங்க?" என்றாள். "ரோட்டப் பாருங்க. அடுத்து வர்ற வண்டியில குழந்தைக இருந்தா? இத மூடிட்டு வாங்க. இன்னிக்கி ஒரு சாவு போதும்."

காலை இறக்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை.

மண் அள்ள மண்வெட்டி இல்லை. சக்கரத்தின் மூடித் தட்டைக் கழற்றி, ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எண்ணெய்மேல் போட்டேன். விழுந்தவர் போகவில்லை. தன் சிவப்புத் துண்டை ஆட்டி வண்டிகளை மெதுவாக்கிக்கொண்டு, நடுநடுவே, "இங்க இன்னும் மினுக்குதுங்க" என்று மேற்பார்வை செய்தார். மழை வந்தது. மண் கரைந்தது. மறுபடி போட்டேன். வேட்டி, சட்டை, கை எல்லாம் கறுப்பு.

ஒரு ஜீப் நின்றது. டிரைவர் காரையும் என் கோலத்தையும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உசுரு ஏதும் போயிருச்சுங்களா?"

"ஒண்ணு போயிருச்சுங்க."

அவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்.

"அங்க இல்லீங்க. செம்மநத்தத்துல. எங்க அக்கா."

அதைச் சொன்ன பிறகுதான், காலையிலிருந்து முதன்முறையாக, எனக்கு அழுகை வந்தது. கையில் மண்ணோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஜீப்காரர் இறங்கி, தன் கடப்பாரையை எடுத்து மண்ணை இடித்துக் கொடுத்தார். மூன்று பேரும் சேர்ந்து முடிக்க 2.10 ஆனது. அவர்தான் என்னைச் செம்மநத்தம் கொண்டுபோய் விட்டார்.

3.05. ஊர் முனையில் ஆண்கள் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மாமா, ஈர வேட்டியோடு.

"கோடி போட்டாச்சுங்க மாப்ள. தங்கச்சி செல்வி கையாலயே போட்டாச்சு" என்றார். "நொம்ப நேரம் பாத்தோமுங்க. குழியில தண்ணி முழங்கா அளவு வந்துருச்சு."

இடுகாட்டு மேட்டின்மேல் புது மண், மழையில் அங்கங்கே குழிந்திருந்தது. நான் என் கறுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். சித்தப்பா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தபடி கேட்டார்: "காரு எங்க கண்ணு?"

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் சொந்தத்தில் எந்தச் சாவு விழுந்தாலும், பறைக்குச் சொல்லும் முன்னால் யாராவது ஒருவர் போன் போட்டுச் செல்வியிடம் கேட்டுவிடுகிறார்கள்: "ஏனுங்க, கோடி பஸ்ல வருதுங்களா, கார்ல வருதுங்களா? அதுக்குத் தகுந்தாப்பல குழி வெட்டோணும்." போன மாதம் கேட்டது அக்காவின் மகளே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமலிருக்க எனக்கு உரிமையில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து புறப்படும்போது மாமா என்னைத் தனியே அழைத்தார். "மனசப் போட்டு ஒழப்பாதீங்க மாப்ள. அவ போறதுக்கு நாலு நாள் முன்னாடியே சொல்லிட்டா. 'எந்தம்பி கார எடுத்துட்டுத்தான் கெளம்புவான். வந்து சேர மாட்டான். அவனுக்குன்னு என்னய மழைல போட்டு வெக்காதீங்க. வந்தா நல்லா சோறு போட்டு அனுப்புங்க'ன்னு."

எப்போது, யார் எதிரில் என்று கேட்டேன். சாயங்காலம், வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தபோது என்றார். அக்காவின் மகளோ, கடைசி வாரத்தில் அம்மா இரண்டு வார்த்தைகூடச் சேர்த்துப் பேசவில்லை என்கிறாள். மாமா நல்ல மனிதர். பிறர் மனம் நோகாமலிருக்கப் பொய் சொல்லக்கூடியவர். மறுபக்கம், அந்தப் பேச்சு அச்சு அசல் அக்காவின் பேச்சு. அவள் அப்படிச் சொன்னாளா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.