மீன்வாடித் தராசும் முக்கால் பலூனும்

மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு நான் ஊதியது மொத்தம் முக்கால் பலூன். மிச்சக் கால் பங்கை ஊத முதல் இழுப்பு வந்து, நீல இன்ஹேலர் பம்பை வாயில் அடித்துக்கொண்டு கதிரையில் சரிந்துவிட்டேன். கையை விட்டுப் பறந்த பலூன் வீடு முழுக்கச் சுற்றிக் கேக்கில் விழுந்தது. நிவேதிகா கைதட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அழுதாள். அடுத்த முறை எல்லாப் பலூனையும் அப்பாவே ஊதுவேன் என்று சத்தியம் பண்ணினேன்.

எட்டு மாதம் போனது. உடம்பு ஏறியது, சத்தியம் அப்படியே கிடந்தது.

கிளினிக்கில் டொக்டர் தராசில் ஏற்றினார். தொண்ணூற்றேழு கிலோ. தொய்வு, அதுதான் இந்த மூச்சிழுப்பு, எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறதுதான். ஆனால் இப்போது கூடியதற்கு என் வயிற்று வண்டியும் ஒரு காரணம் என்றார். அந்தக் கொழுப்பு நெஞ்சை விரிய விடாதாம், மூச்சுக் குழாயையும் வீங்க வைக்குமாம். மருந்தை விடாமல் எடுங்கோ, எட்டுக் கிலோ குறைத்தால் இழுப்பும் குறையும், நாலு மாதத்தால் வாங்கோ என்றார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற என் மனைவி பூரணி தலையாட்டவில்லை. அவள் யோசித்துக்கொண்டு நின்றாள். அவள் யோசித்தால் எனக்குக் காய்ச்சல் வரும்.

அன்றிரவே சட்டம் வந்தது. காலையில் அரிசிமாப் பிட்டுக்குப் பதில் குரக்கன் பிட்டு. பாலையூற்றிலிருந்து துறைமுகப் பக்கத்தில் நான் வேலை செய்கிற கந்தோருக்கு நடை. ஞாயிறு தோறும் சல்லிக் கடற்கரையில் அவளின் அண்ணன் தவராசாவின் மீன்வாடியில், மீன் நிறுக்கிற பெரிய தராசில் என்னை நிறுப்பது. ஊர்ச்சனம் பார்த்துக்கொண்டு நிற்க, சூரைமீனுக்குப் பிறகு நான்.

நானும் சும்மா ஆளில்லை. மூன்று ஏற்பாடு செய்தேன்.

முதலாவது, ஆட்டோ. சந்தி வரைக்கும் கையை வீசி நடப்பேன். அங்கே பின்வீட்டுப் பஹ்மி ஆட்டோவோடு நிற்பான். வழியில் ஒரு கடையில் பிளேன்டீயும் இரண்டு ரோல்ஸும். சந்தியில் நிற்கிற மற்ற ஆட்டோக்காரர்கள் பூரணியிடம் சொல்லிவிடுவார்கள். பஹ்மி வாயே திறக்காத பொடியன்.

இரண்டாவது, தராசு. தவராசாவைத் தனியே கூப்பிட்டு, மச்சான், கிழமைக்கு அரைக் கிலோ குறைகிற மாதிரி அதை ஒருக்கால் தட்டிவிடு என்றேன். ஞாயிறு தோறும் நாலு ரோல்ஸ் கொண்டுவருவதாகப் பேச்சு. அவன் கடலைப் பார்த்தான், ரோல்ஸைப் பார்த்தான், ஓம் என்றான்.

மூன்றாவது, பலூன். ஒரு சைக்கிள் பம்ப் வாங்கி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சத்தியமும் தப்பும், மூச்சும் தப்பும்.

என் கெட்ட காலம், பஹ்மியின் ஆட்டோ ஒரு நோயாளி. முதல் நாளே கொஞ்சத் தூரத்தில் நின்றது. பிளக் போய்ட்டு அண்ணே என்றான். மறுநாள் பெற்றோல் இல்லை. அதற்கடுத்த நாள் கிளச் வயர். ஏறின கால் கிலோமீற்றரில் இறங்கி, மிச்சத்தை நடப்பேன். முதல் கிழமை ஒவ்வொரு லைற் போஸ்றையும் கட்டிப்பிடித்து நின்றுதான் போனேன். கந்தோருக்குப் பிந்துகிற அவசரத்தில் ரோல்ஸ் கடைப்பக்கம் திரும்பவும் நேரமில்லை. ஆட்டோவை விற்றுவிடு என்று அவனைத் தினமும் ஏசினேன். அவனும் தினமும் மன்னிப்புக் கேட்டான்.

தராசு மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. தொண்ணூற்றாறரை. தொண்ணூற்றாறு. கலியாண வீடு ஒன்றில் சாப்பாட்டை வெட்டிவிழுத்தின கிழமை மட்டும் அரைக் கிலோ ஏறிக் காட்டியது. பாய்ந்துபோய்த் தவராசாவைப் பிடித்தேன். ரோல்ஸை மென்றபடி, எப்பவும் இறங்கினால் தங்கச்சி சந்தேகப்படுவாள் மச்சான் என்றான். என்ன மூளை என்று வியந்தேன்.

இடையில் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் வழுகியது. பெல்ற் இழுபட்டுப் போச்சு என்று பூரணியிடம் சொன்னேன். புதுசு வாங்குவம் என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

நாலு மாதம் முடிந்து கிளினிக். அன்றுதான் நிவேதிகாவின் ஐந்தாவது பிறந்தநாளும். டொக்டரின் தராசு பொய் சொல்லாது. தொண்ணூற்றேழும் தாண்டியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.

எண்பத்தொன்பது என்றார் டொக்டர்.

தராசு பிழை டொக்டர் என்றேன் நான்.

அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நீலப் பம்ப் கடைசியாக எப்ப அடிச்சனீங்கள் என்றார். யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அது சேர்ட் பொக்கெற்றில் தூசி பிடித்துக் கிடந்தது.

வெளியே மர வாங்கில் என்னை இருத்தி வைத்துத்தான் பூரணி வாய் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, அண்ணை அந்தத் தராசைத் தொடவே இல்லை. நாலு ரோல்ஸுக்குத் தராசைத் தட்டினால் நாளைக்குச் சல்லியிலை ஆர் அவருக்கு மீன் குடுப்பினம்?"

"அப்ப ரோல்ஸ்?"

"திண்டவர். வண்டி வைச்சிட்டுது, பாக்கேல்லையே?"

"ஆட்டோ?"

"அதுக்கு ஒரு நோய்நொடியும் இல்லை. பஹ்மி நான் சொன்ன இடத்திலை நிப்பாட்டினவன். பாவம், நீங்கள் ஏசினதெல்லாத்தையும் வந்து சொல்லிச் சிரிச்சவன்."

பின்னேரம் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். சைக்கிள் பம்பைக் காணவில்லை. பூரணி ஒரு பலூன் பக்கெற்றை மடியில் போட்டாள். நிவேதிகா எனக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து என் வாயையே பார்த்தாள். வேறு வழியில்லை, ஊதினேன். முக்காலில் பயம் வந்தது. இழுப்பு வரவில்லை. மிச்சக் காலும் போனது. ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. இடைக்கிடை களைத்தேன், அவ்வளவுதான். நிவேதிகா எல்லாவற்றையும் கட்டிப்பிடிக்கப் பார்த்துப் பலூனோடு பலூனாய் உருண்டாள். இந்த முறை ஆரும் அழவில்லை. என்னைத் தவிர.

கேக் வெட்டினார்கள். பூரணி ரோசாப்பூ வைத்த மூலைத் துண்டைப் பெரிதாக வெட்டி என் கையில் தந்தாள். நாலு மாதக் குரக்கனுக்குப் பரிசு என்று வாயைத் திறந்தேன்.

"அது பஹ்மிக்கு. நடந்து போய்க் குடுத்திட்டு வாங்கோ."

நடந்து போனேன். பஹ்மி வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் மரியாதைக்கு ஒருக்கால் லீவரை இழுத்தான். முதல் இழுவையிலேயே ஸ்ரார்ட் ஆனது.