முங்கல் அண்ணாச்சியும் மெட்ராஸ் தண்ணீர் கேனும்

முங்கல் அண்ணாச்சி எங்கள் தெருவில் இருந்தவரை, அங்கே விருந்துக்கு வந்த ஒருவர்கூடக் காய்ந்த தலையோடு ஊர் திரும்பியதில்லை. வந்தவர் தாசில்தாரானாலும் சரி, தவில்காரரானாலும் சரி, அண்ணாச்சி அவரை ஏதாவது ஒரு தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் ரயிலேற்றுவார்.

தாமிரபரணிக் கரை வண்ணார்பேட்டையில், எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். தெருவில் எந்த வீட்டு வாசலில் புதுச் செருப்பைப் பார்த்தாலும் கடையைப் பூட்டிவிடுவார். ஒரு கையில் நல்லெண்ணெய் பாட்டில், மறு கையில் சீயக்காய்ப் பொட்டலம், தோளில் எந்நேரமும் ஈரம் சொட்டும் துண்டு. யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கமாட்டார். "முங்கியாச்சா?" என்றுதான் கேட்பார். ஊர் சுற்றிக் காட்டக் கூலி வாங்கமாட்டார். வேனில் முன் சீட் கொடுத்தால் போதும்.

குற்றாலம், மணிமுத்தாறு, பாபநாசம் மூன்றும் அவருடைய சொந்தச் சொத்து மாதிரி. கூந்தன்குளத்தில் பறவை பார்க்கப் பிரியப்பட்ட பெங்களூர்க்காரர் ஒருவரிடம், "பறவையே முங்குது. நீரு கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கீரு. வெக்கமா இல்லியாவே?" என்று கேட்டு, மனிதரைக் குளத்தில் இறங்க வைக்கப் பார்த்தார். கடலில் மட்டும் அவருக்கு மரியாதை கிடையாது. குலசேகரன்பட்டினம் போய்வந்து, "அவ்வளவு தண்ணியவும் உப்பப் போட்டுக் கெடுத்து வச்சிருக்கானுவ" என்று வருத்தப்பட்டார்.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் என் அக்காவைப் பெண் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் பட்டார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். பஜ்ஜி சாப்பிட்டார்கள், அக்காவைப் பார்த்தார்கள், "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றார்கள். அந்த வாக்கியத்தை ஏற்கெனவே இரண்டு இடங்களில் கேட்டிருந்த அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ரயில் சாயங்காலம்தான். அதுவரை என்ன செய்வது என்று நாங்கள் விழித்தபோது, கேட்காமலே வேனோடு வந்து நின்று, அக்கா உட்பட எல்லோரையும் பாபநாசத்துக்குக் கிளப்பினார் அண்ணாச்சி.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனை வேனின் பின்பக்கம் ஏற்றச் சொன்னார். "எனக்கு வெளியூர்த் தண்ணி ஒத்துக்காதுங்க. எங்க போனாலும் மெட்ராஸ் தண்ணிதான்." தாமிரபரணிக் கரைக்கு லாரித் தண்ணீர் சுமந்துவந்த அந்த அம்மாள் சொன்னது, முன் சீட்டில் எண்ணெய் பாட்டிலுக்குப் பாதுகாப்பான இடம் தேடிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் காதில் விழவில்லை.

முக்கூடலில் வேன் புகைய ஆரம்பித்தது. எல்லோரும் காப்பி குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது அண்ணாச்சி வேனின் முன்னால் நின்று கேனைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அந்த அம்மாளும் மகனும் இன்னும் கடைக்குள்ளேதான் இருந்தார்கள்.

"அண்ணாச்சி! அது அவிய குடிக்கக் கொண்டாந்த தண்ணிவே!" என்று அலறினார் அப்பா.

"குடிக்கவா? மருந்து வாடை அடிச்சுது. ரேடியேட்டருக்குன்னுலா நெனச்சேன்!"

அப்பா தலையில் கை வைத்தார். அண்ணாச்சி அந்தக் கேனோடு ஆற்றங்கரைக்கு ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நிரப்பிக்கொண்டு வந்தவரிடம் அப்பா, "ஒம்மக் கையெடுத்துக் கும்பிடுதேன். சாயங்காலம் வர வாயத் தொறக்காதீரும். பிள்ள வாழ்க்கவே" என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

வேன் கிளம்பியது. அந்த அம்மாள் கேனிலிருந்து ஒரு டம்ளர் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "பார்த்தியாடா, என்ன இருந்தாலும் நம்ம மெட்ராஸ் தண்ணி தனிதான்."

முன் சீட் ஒருமுறை குலுங்கியது.

அம்பாசமுத்திரத்தில் இன்னொரு டம்ளர். "ஒரு நாள் வெச்சா இன்னும் இனிக்குது." அண்ணாச்சி ஈரத்துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். கல்யாண ஏக்கத்தில் அப்பா ஒரு பக்கம், ஆற்றுப் பாசத்தில் அண்ணாச்சி ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது.

பாபநாசத்தில் அகஸ்தியர் அருவிக்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். அந்த அம்மாள் பெரிய மனதோடு ஒரு டம்ளர் தண்ணீரை அண்ணாச்சியிடம் நீட்டினார். "நீங்களும் குடிச்சுப் பாருங்க. உங்க ஊர்ல இந்த மாதிரி கிடைக்காது."

அண்ணாச்சி வாங்கினார். குடித்தார். கண் கலங்கிவிட்டது.

"தாயி, என்னய மன்னிச்சிரணும். இது எங்க ஆத்துத் தண்ணி. ஒங்க தண்ணி ரேடியேட்டருக்குள்ள கெடக்கு."

அப்பா பாறையில் அப்படியே சாய்ந்துவிட்டார். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் இருந்த அக்காதான் முதலில் சிரித்தாள். அடக்கிப் பார்த்து, முடியாமல், புளியோதரை சிதறச் சிரித்தாள். அதைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கேனைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். இன்னொரு டம்ளர் ஊற்றி நிதானமாகக் குடித்து முடித்தார்.

"வண்டியாவது நல்லா ஓடுதா?" என்று கேட்டார்.

"ஜம்முனு ஓடுது தாயி!"

"அப்ப சரி. குளிக்கறதுக்கு எங்க போகணும்?"

அருவிக்குள் போனவர் லேசில் வெளியே வரவில்லை. அக்கா கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "லெட்டர் எதுக்குங்க? இப்பவே சொல்லிடறேன். இப்படி வாய்விட்டுச் சிரிக்கற பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வேணும்" என்றார். அப்பா அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பாவின் சட்டையும் நனைந்தது.

கல்யாணம் முடிந்து அக்கா மெட்ராஸ் புறப்பட்ட நாளில், ரயில் கிளம்பும் நேரத்துக்கு அண்ணாச்சி பிளாட்பாரத்தில் ஓடிவந்தார். தோளில் அந்த அம்மாள் அன்றைக்கு விட்டுப்போன அதே வெள்ளைக் கேன், விளிம்புவரை ஆற்றுத் தண்ணீர். ஜன்னல் கம்பிக்குள் நுழையாது என்றதும் வாசல் வழியாக ஏற்றினார். தாலி கட்டும்போதுகூட அழாத அக்கா அந்தக் கேனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழாத தாயி. தீந்துட்டுன்னா ஒரு கார்டு போடு. கொண்டாரேன்."

ரயில் நகர்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது எப்போதும் ஈரத்துண்டு என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நான் கவனித்தேன். அன்றைக்கு அவர் இன்னும் முங்கவே இல்லை. துண்டு காய்ந்துதான் இருந்தது, துடைக்கும்வரை.