டிக்கெட் எடுக்காத பேன்கள்

அன்புள்ள மகள் சிட்டுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பசுங்குடிலில் இருக்கும் வெள்ளரிச் செடிகளின் நலத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடு.

இதைச் சொல்லத்தான் இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதோடு என் தைரியம் தீர்ந்துவிட்டது. நீ கிளம்பும்போது, "செடிக்கு எந்த மருந்தும் அடிக்காதீங்கப்பா, இலைக்கு அடியில நம்ம ஆளுங்க இருக்காங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லி, பூதக்கண்ணாடியையும் சாவியையும் என் கையில் கொடுத்தாய். ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி யாரும் ஒரு சாவியைக் கொடுத்ததில்லை. அந்தப் பெருமையில், நம்ம ஆளுங்க பார்க்க எப்படி இருப்பார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். நான்காம் நாள் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால் அங்கே இரண்டு கூட்டம். ஒன்று அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்று கண்ணாடியைக் கொண்டுபோனதுமே தலைதெறிக்க ஓடியது. முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான், என்னைக் கண்டு ஓடுகிறவன் யார் என்று எனக்குத் தெரியாதா? கொட்டகையில் கிடந்த பழைய பூச்சிமருந்தைக் கலக்கி, ஓடியவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தேன். மூன்று வரிசை முடித்து நான்காவதற்குப் போனால், மழையில் துணி காய இடமில்லை என்று உன் அம்மா அந்த வரிசை முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். "விரிப்புல ஒரு சொட்டு பட்டுச்சு, அப்புறம் நடக்கிறதே வேற" என்றாள், விட்டுவிட்டேன். பசுங்குடிலைத் துணிக்கொடி ஆக்காதே என்று நான் எவ்வளவோ சொல்லியும் இன்றுவரை கேட்கவில்லை. இதை நீதான் அவளிடம் கண்டித்துக் கேட்க வேண்டும்.

பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சள் புள்ளி, நுனியெல்லாம் நூலாம்படை. வேளாண்மை ஆபீசரைக் கையோடு அழைத்து வந்தேன். மூன்று வரிசையையும் பார்த்தார், ஈர விரிப்பை விலக்கக் கூச்சப்பட்டு நான்காவதை விட்டுவிட்டார். "சார், உக்காந்து சாறு குடிச்சுக்கிட்டிருந்தது செஞ்சிலந்திப் பேன். பல வருஷமா ஊர்ல எல்லாரும் அடிக்கிற மருந்து பட்டுப் பட்டு அதுக்குப் பழகிப்போச்சு. ஓடினது அதைப் பிடிச்சுத் தின்ற வேட்டைப் பேன், அது இந்த மருந்தைத் தாங்காது. டிக்கெட் எடுக்காதவனைச் சீட்ல உக்கார வெச்சுட்டு, செக்கரைக் கீழ தள்ளிட்டீங்க" என்றார். புதிதாக வாங்கி விடலாமா என்று கேட்டேன். "இலையில மருந்து இருக்கிற வரைக்கும் புதுசா வர்றதும் செத்துத்தான் போகும்" என்றார்.

சிட்டு, மூன்று வருடமாக நீ அந்த வேட்டைப் பேன்களை வளர்த்துப் பெருக்கியது எனக்குத் தெரியும். காய்ச்சலோடு வந்து இலை இலையாக எண்ணிய நாளும் தெரியும். அப்போதெல்லாம் பேனுக்குப் பால் வார்க்கிறாள் என்று கேலி செய்த நான், நேற்று நம்ம ஆளுங்க இல்லாத அந்த இலைகளைப் பார்த்து அழுதுவிட்டேன். உன் சாவியை வைத்திருக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நாளைக் காலையில் ஆபீசரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லா நன்மையும் உன்னைத் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சைக் கேட்காத அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் விரிப்புகளை மடிக்க உன் அம்மா கூப்பிட்டாள். எடுத்துப் பார்த்தால் நான்காவது வரிசை பச்சைப்பசேலென்று நிற்கிறது. இலையைத் திருப்பினேன். ஓடுகிறார்கள். உடனே ஆபீசருக்குப் போன் செய்தேன். மற்ற வரிசைகளில் மருந்தின் வீரியம் தீர்ந்ததும் இந்த இலைகளைப் பறித்து அங்கே வைக்கலாம், மெல்லப் பெருகிவிடும் என்றார். ஆகவே அம்மாவைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். சாவியை யாருக்கும் தருவதாக இல்லை. இனி தினமும் காலையில் கண்ணாடியோடு போய் நிற்பேன். அவர்கள் என்னைக் கண்டு ஓடவில்லை சிட்டு, டியூட்டிக்கு ஓடுகிறார்கள்.