நான்கு நிமிட வதக்கல்

ஜூலை பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை என் மகன் முதன்முறையாகச் சமைத்தான். அதனால் என் மருமகளின் தேர்வு கெட்டது. என் முறையீடு இவ்வளவே. ஆயினும் அச்சமையலின் பெருமையை உள்ளவாறு பதிவு செய்வது என் கடமை. நெருப்பைக் கண்டறிந்த ஆதிமனிதனுக்குப் பிறகு, அடுப்பை இத்துணைப் பெருமிதத்தோடு அணுகியவர் வேறொருவர் இலர்.

மருமகள் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். கண்காணிப்பாளர் பதவிக்கான தேர்வு மறுநாள் காலை; ஆண்டுக்கு ஒருமுறையே வருவது. அதனை முன்னிட்டு மகன் ஓர் 'அறிவிப்பு' வெளியிட்டான்.

"இன்னிக்கு நீ கிச்சன் பக்கமே வரக் கூடாது. போய்ப் படி. ஸ்டிர் ஃப்ரை நான் பண்றேன். வெறும் நாலு நிமிஷ வேலை."

நான்கு நிமிடம் என்பது கைப்பேசிக் காணொளியின் கணக்கு. அதில் ஒருவர் பெருந்தீயில் வாணலியை வைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் காய்களைக் கவிழ்த்துக் கிளறி இறக்கினார். மகனும் புதிய சமையல் மேலங்கி அணிந்து, அடுப்பை மூட்டி, எண்ணெய் ஊற்றி, கையை நீட்டினான். கைக்கு எதுவும் வந்து சேரவில்லை.

"கிண்ணமெல்லாம் எங்க வெச்சிருக்கே?"

"எந்தக் கிண்ணங்க?" என்றாள் மருமகள், உள்ளறையிலிருந்து.

"வெட்டி வெச்ச காய் இருக்குமே, அது."

"வெட்டினாத்தாங்க இருக்கும்."

இதனை அவன் 'நிர்வாகக் குறைபாடு' எனக் கருதினான். சமையற்கலைஞரின் பணி கிளறுவது. நறுக்குவது 'முன்னேற்பாட்டுப் பிரிவை'ச் சார்ந்தது. அப்பிரிவுக்குத் தகுதியுடையவர் வீட்டில் ஒருவரே. புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு அவள் வந்தாள். கேரட் தீக்குச்சி போல, குடைமிளகாய் சதுரமாக, பூண்டு பொடிப்பொடியாக. எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில், காணொளியில் உள்ளபடியே. உதவ எண்ணிக் கத்தியை எடுத்த என்னை மகன் தடுத்தான்.

"அப்பா, அளவு மாறிடும். அவளே பண்ணட்டும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் எடுக்கற வீடியோல வர்றீங்க."

மாலை இருட்டிய பின் அவன் கிளறினான். என்ன கம்பீரம்! நடுவே தீயைத் தணித்துப் பல கோணங்களில் படம் எடுத்தான். அதற்குள் காய்கள் தம் நீரிலேயே நீந்தத் தொடங்கின. வாணலியின் ஓரமெல்லாம் கருகிப் பிடித்தது. 'மனைவிக்கு ஓய்வளித்த ஞாயிறு' என்னும் தலைப்போடு படம் உலகுக்கு வழங்கப்பட்டது. அதன் ஓரத்தில் மருமகளின் முழங்கை விழுந்திருந்தது. அழகு கருதி அதனை வெட்டி நீக்கினான். அன்று அவன் தன் கையால் வெட்டியது அது ஒன்றே.

உண்டு முடித்ததும் பாராட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தான். ஒருவர் அவனைப் 'புதுயுக ஆண்மகன்' என்றிருந்தார். வாணலியின் கருகலைத் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம், "பாரு, நீ குடுத்து வெச்சவளாம்" என்றான்.

அவள் திரும்பவில்லை.

"நீங்க படிங்க. நான் அடுத்த வருஷம் படிச்சுக்கறேன்."

வாசகரே, அப்படத்தின் கீழ்க் கைதட்டியவர்களுள் தாங்களும் ஒருவர், பெயரைப் பார்த்தேன். அக்கைதட்டலை உடனே திரும்பப் பெறுக. ஓய்ந்த அந்தக் கையால் ஒரு வெங்காயமேனும் நறுக்குக.