வெடித்தால்தான் புதுக் குழாய்

மனித நாகரிகம் எந்த இடத்தில் தன் உச்சியைத் தொட்டது என்று கேட்டால், ஆளுக்கொரு கோபுரத்தையோ பாலத்தையோ காட்டுவார்கள். விவரம் தெரியாதவர்கள், பாவம். அது தொட்டது இரும்புத் தகடு அழுத்தும் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய ஸ்டோர் ரூமில். அங்கே நாற்பது குழாய்கள் இருந்தன.

தண்ணீர்க் குழாய் என்று நினைத்துவிட வேண்டாம். பிரஸ் மெஷினுக்கு எண்ணெயை அசுர அழுத்தத்தில் கொண்டுபோகும், உள்ளே இரும்புக் கம்பி பின்னிய ரப்பர் குழாய்கள். தொழிலாளிகள் வாயில் 'ஹோஸ்'. இவற்றைக் கட்டிக் காத்தவர் ஸ்டோர்கீப்பர். எதையும் லேசில் வெளியே விடமாட்டார் என்பதால் எல்லாரும் அவரை 'பூட்டு' என்றார்கள். அவர் காதுக்கு அது பட்டமாகவே கேட்டது.

பூட்டு அந்தக் குழாய்களைப் பேணிய அழகைச் சொல்லி மாளாது. வெயில் படக்கூடாதென்று ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. சூடு ஆகாதென்று ஏசி. பக்கத்தில் மோட்டார் ஓடினால் ரப்பர் சீக்கிரம் கெடும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததால், அடுத்த அறையில் சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேல் சுழன்ற ஃபேனையும் கழற்ற வைத்தார். தூசி நுழையாமல் இரண்டு முனைக்கும் மூடி. அளவுக்கு மேல் வளைந்தால் உள்கம்பி ஒடியுமாம், அதனால் நேரான படுக்கை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கெட்டி அட்டையில் பிறந்த தேதியும் ஆயுள் முடியும் தேதியும். பிரஸ் ஷாப்பில் குனிந்து குனிந்தே முதுகு போனவர்களுக்கு இப்படியெல்லாம் இல்லையே என்று யாராவது இழுத்தால், "அவங்க என்ன ரப்பரா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

விதி ஒன்று இருந்தது. புதுக் குழாய் வேண்டுமென்றால் பழையதை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பது 'முற்றிலும் செயலிழந்த நிலையில்' இருக்க வேண்டும். விண்ணப்பித்தவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இத்தனையையும் ராத்தூக்கம் கெட்டு எழுதியவர் பூட்டு. கீழே கையெழுத்து மட்டும் மேனேஜருடையது. மேனேஜர் எதையும் வாசித்து நேரத்தை வீணாக்குகிறவர் அல்ல.

நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டியவன் பூட்டுடைய மனைவியின் தம்பி. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வேலையில் சேர்த்துவிட்டதும் பூட்டுதான். "என் தம்பிய உங்கள நம்பித்தான் அனுப்புறேன்" என்று மனைவி அன்று சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை அவன் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றான்.

"மாமா, என் மெஷின் ஹோஸ்ல ஒரு இடத்துல தோல் உப்பிக்கிட்டு வருது. கொப்புளம் மாதிரி."

"வெடிச்சிருச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"வெடிச்சா ஆளே இருக்க மாட்டான் மாமா!"

"ஆக, இப்போதைக்கு நல்லாத்தான் இருக்குன்னு நீயே சொல்ற. எழுதிப் போட்டுட்டுப் போ மாப்ளே."

எழுதிப் போட்டான். பூட்டு அதில் சிவப்பு மையால் 'நிலை: வெடிக்கவில்லை' என்று குறித்து ஃபைலில் செருகினார். உறவுக்காரன் என்பதற்காக ஒரு எழுத்துகூடச் சாய்வாக விழவில்லை.

வீட்டில் மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள். "ஒரு ரப்பர் குழாய்க்கு இவ்வளவு பிகு பண்றீங்களே, அவன் கேட்டா எடுத்துக் குடுத்தா என்ன?"

"சொந்தக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டான்னு நாலு பேர் சொல்வாங்க. அதோட வியாழக்கிழமை ஆடிட். ரேக்குல நாப்பது இருக்கணும். முப்பத்தொம்பது இருந்தா ஏன்னு கேப்பாங்க."

"ஒண்ணு வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க."

பூட்டு தண்ணீர் கேட்டார். இருபது வருட ஸ்டோர் அனுபவத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேள்விப்பட்டதில்லை.

புதன்கிழமை ஆடிட்டுக்காகத் தொழிற்சாலை முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். சுவருக்கு வெள்ளை, மெஷினுக்குப் பச்சை, மெஷினில் தொங்கிய பழைய குழாய்களுக்குப் பளபளவென்று கறுப்பு. 'குழாய்களுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது; அடித்தால் விரிசல் மறைந்துவிடும்' என்று பூட்டு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் ஏழாவது வரியாகவே இருந்தது. அந்த நோட்டீஸின் மேலும் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

"மாமா, கொப்புளம் இப்ப தெரியல. ஆனா கீழ எண்ணெய் நனைஞ்சு நிக்குது. எங்கேருந்து வருதுன்னு புரியல" என்றான் மைத்துனன்.

"கையால மட்டும் தடவிப் பாத்துடாத மாப்ளே! கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா இருந்தாலும் எண்ணெய் ஊசி மாதிரி சதைக்குள்ள ஏறிரும். தள்ளி நின்னு ஒரு அட்டைய நீட்டிப் பாரு. அட்டையில கறை விழுந்தா அங்கதான் ஓட்டை."

பூட்டு நிபுணர். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"சரி, ஒரு அட்டை குடுங்க."

பூட்டு சுற்றிலும் பார்த்தார். ஸ்டோரில் இருந்த கெட்டி அட்டை முழுவதும் நாற்பது தலைமாட்டுப் பலகைகளாகப் பிறவிப் பயன் அடைந்திருந்தது.

"தீந்துபோச்சு. எழுதிப் போட்டிருக்கேன், வந்துரும்."

வியாழக்கிழமை ஆடிட்டர் வந்தார். ஏசியில் நின்று ஆனந்தமாக மூச்சு விட்டார். மூடிகளைத் தொட்டார். ஒரு பலகையைக் குனிந்து வாசித்தார்.

"நாப்பதும் ஒரே நாள்ல வந்ததா? இன்னும் ஒம்பது நாள்ல எல்லாத்துக்கும் ஆயுள் முடியுதே."

"ஒம்பது நாள் முழுசா இருக்கு சார்."

"அப்ப சரி."

நூற்றுக்கு நூறு. 'சிறந்த குழாய்ப் பராமரிப்பு' என்று பொறித்த கேடயம். ஆடிட்டர் பிரஸ் ஷாப்புக்குள் போகவில்லை. அங்கே வெக்கை தாங்காதாம். எல்லாரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்குமுன் மைத்துனன் ஜன்னலில் நின்றான். வலது கையுறையைக் கழற்றி ஆள்காட்டி விரலை நீட்டினான். மேல் கணுவில் பிளாஸ்திரி.

"எண்ணெயத் துடைக்கலாம்னு துணியோட கைய வச்சேன் மாமா. எறும்பு கடிச்ச மாதிரி சுருக்னுச்சு. பெருசா வலிகூட இல்ல. சின்னக் காயம்தான், போய் வேலையப் பாருன்னு முதலுதவி ரூம்ல பிளாஸ்திரி போட்டு அனுப்பிட்டாங்க."

பூட்டு பிளாஸ்திரியைப் பிய்த்தார். குண்டூசி முனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றி லேசான வீக்கம். நோட்டீஸின் கடைசி வரி அவருக்கு மனப்பாடம்: புள்ளி சிறிதானாலும் உடனே அறுவை சிகிச்சை, தாமதித்தால் கை போகும். கேடயத்தை அப்படியே போட்டார். சாவி பூட்டிலேயே தொங்க, திறந்த கதவு திறந்தபடியே கிடக்க, மைத்துனனை இழுத்துக்கொண்டு ஓடினார்.

"எறும்பு இல்லடா மாப்ளே, எறும்பு இல்ல... பாவி, நான்தான்டா பாவி!"

ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கச் சொன்னவர்களிடம், "உள்ள எண்ணெய் ஏறியிருக்கு சார், இப்பவே அறுக்கணும்!" என்று அவர் போட்ட கூச்சலில் பெரிய டாக்டரே வெளியே வந்தார். மணிக்கட்டு வரை திறந்து கழுவினார்கள். கை பிழைத்தது. ஆள்காட்டி விரல் பிழைக்கவில்லை.

மனைவி வந்தாள். தம்பியின் கட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"நாப்பதும் பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

அந்தக் குழாய் அன்று மாலையே, மெஷின் பக்கம் யாரும் இல்லாத நேரத்தில், இரண்டாகக் கிழிந்தது. ஆனால் விதி விதிதானே? விண்ணப்பித்தவர் நேரில் வர வேண்டும் என்று மேனேஜர் விரலை உயர்த்திச் சொல்லிவிட்டார். அவருக்கு உயர்த்த விரல் இருந்தது. நாலாம் நம்பர் மெஷின் மூன்று வாரம் சும்மா நின்றது.

மூன்று வாரம் கழித்து மைத்துனன் கிழிந்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஜன்னல் பலகையில் வைத்தான்.

"வெடிச்சிருச்சு மாமா. இப்ப குடுக்கலாமா?"

பூட்டு ரேக்கிலிருந்து முதல் குழாயை எடுத்தார். தலைமாட்டு அட்டையைப் பார்த்தார். ஆயுள் முடிந்து பன்னிரண்டு நாள். அடுத்ததும் அதே. நாற்பதும் அதே. ஆயுள் முடிந்த குழாயை மெஷினில் மாட்டக்கூடாது, துண்டு துண்டாக வெட்டிக் கழித்துவிட வேண்டும். அதுவும் சரியான விதிதான். அதையும் எழுதியவர் அவர்தான்.

"அப்ப யாருக்காக மாமா இத்தனை நாள் படுக்க வச்சிருந்தீங்க?"

மைத்துனன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பூட்டு கழிவுப் பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். 'குழாய், நாற்பது. சேதம் எதுவுமில்லை. பயன்படுத்தப்படாமலே ஆயுள் முடிந்தது.' பிறகு அடுத்த வரியையும் அதே அழகான கையெழுத்தில் நிரப்பினார்:

'ஆள்காட்டி விரல், ஒன்று. ஆயுள் முடியவில்லை. பயன்பாட்டில் இருந்தது. கழிக்கப்பட்டதற்குக் காரணம்: ஸ்டோரில் நாற்பது புதுக் குழாய்கள் இருந்தன.'

மேனேஜர் வழக்கம்போல் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.