கரீம் பாஷாவின் ஒன்பதாம் நாள்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது அலறுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குள் ஒரு தனி இனம் உண்டு. குதிகால் வலிக்கு உலகத்தில் உள்ள எல்லா வைத்தியமும் அறிந்தவர். எதையும் ஒன்பது நாளுக்கு மேல் செய்யாதவர். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். இல்லை என்கிறீர்களா? பொறுங்கள்.

சங்ககிரியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் கரீம் பாஷாவைப் பாருங்கள். மூன்று மாதத்தில் மூத்த மகள் ஷைமாவுக்கு நிக்காஹ். மண்டப வாசலில் நான்கு மணி நேரம் நின்று, வருகிறவர் கையைப் பிடித்து ஸலாம் சொல்ல வேண்டும். அவரால் முடியாவிட்டால் அந்த இடத்தில் சித்தப்பா மகன் அஃப்தாப் நிற்பான். பத்து வருடமாக எதிரிலேயே கடை போட்டிருக்கும் அஃப்தாப்! அதைவிட, யாரையும் அழைக்காமலே கல்யாணத்தை முடித்துவிடலாம்.

சேலத்து டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். குதிகால் எலும்பில் முள் போல ஒரு நீட்சி. பாஷாவுக்கு உள்ளூரப் பெருமை.

"வலியே இல்லாத பல பேருக்கும் இந்த முள் இருக்குங்க" என்றார் டாக்டர்.

பெருமை போயிற்று. உள்ளங்காலில் ஓடும் தசைநார்தான் புண்பட்டிருக்கிறது. தினமும் எழுந்ததும், தரையில் கால் வைக்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்க வேண்டும், பிறகு சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும், மூன்று மாதம் விடாமல் என்று சொல்லி, படம் போட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார்.

துண்டா? இந்தக் காலத்திலா?

ஒன்பது நாள் இழுத்தார். வலி கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தானே! பத்தாம் நாள் ஜெல் வைத்த செருப்பு வந்தது. அது பழகும் முன் அதிர்வலை சிகிச்சைக்குப் போய், வாரம் ஒன்றாக மூன்று முறை என்றதும் முதல் முறையோடு நிறுத்தி, தூங்கும்போது பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பூட்ஸை வரவழைத்து, நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி நம் குதிகாலிலேயே திரும்பப் போடும் ஊசிக்கு ஈரோட்டில் தேதி வாங்கிவிட்டு, அந்தத் தேதி வருவதற்குள் லேசர்காரரைத் தேடி நாமக்கல் போனார்.

"ஏனுங்க, டாக்டர் குடுத்த தாளு?" என்றார் மனைவி அக்தர் பானு.

"அதெல்லாம் பழைய மெத்தட். நீயே வெச்சுக்க."

வைத்துக்கொண்டார்.

கடையில் மட்டும் பாஷா வேறு ஆள். லாரிக்காரர் செங்கோடனின் வண்டி ஒரு பக்கம் இழுத்தபோது, நாலு பட்டறை மாறி வந்த அவரைப் பிடித்துக் காய்ச்சினார்: "ஒரே பட்டறைல உடுங்க, செங்கோடன். ஆளுக்கொருத்தன் கழட்டுனா வண்டி எப்புடி உருப்படும்?"

நிக்காஹ் நாள் வந்தது. பாஷா எழுபது பேர் வரை தாக்குப்பிடித்தார். எழுபத்தோராவது ஸலாமில் முகம் கோணியது. நாற்காலி வந்தது. கூடவே பன்னீர்ச் சொம்போடு அஃப்தாப்.

"நீங்க உக்காருங்கண்ணே. நா இருக்கறனில்ல?"

செங்கோடன் வந்தார். அஃப்தாப் கையைப் பிடித்து ஸலாம் வாங்கிக்கொண்டு நாற்காலியிடம் குனிந்தார்.

"என்னங்க பாய், இன்னுமா சரியாகல?"

பாஷா செருப்பிலிருந்து லேசர் வரை ஒன்று விடாமல் சொன்னார். செங்கோடன் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரே பட்டறைல உடச் சொன்னது நீங்கதானுங்களே?"

அந்த நேரம் பார்த்து இளைய மகள் அஃபீபா ஓடி வந்தாள். "அத்தா, பொம்பளைங்க வாசல்ல அம்மா மூணு மணி நேரமா நிக்கறாங்க. நாற்காலி போட்டா வேண்டாங்கறாங்க. குதிகால் வலியே இப்ப இல்லயாம்."

"அவளுக்கு வலி இருந்துச்சா?"

"ரெண்டு வருசமா. நீங்க கேக்கவே இல்லியே."

பாஷா சற்று யோசித்தார். பிறகு, இந்த இனத்தார் கேட்கும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டார்: "எந்த டாக்டரு?"

"நம்மூட்டு பிரிட்ஜுல ஒட்டியிருக்கற தாளுதான் டாக்டரு."

மறுநாள் காலை பாஷா துண்டை எடுத்தார். இன்றோடு எட்டு நாள். நன்றாகத்தான் இழுக்கிறார்.

உங்கள் குதிகாலில் ஒன்றும் இல்லையா? சந்தோஷம். அலமாரிக்குப் பின்னால் சுருட்டி நிறுத்திய யோகா விரிப்பு, அது எத்தனையாம் நாள் சுருட்டியது? சொல்ல வேண்டாம். என் மேசையில் முப்பதாம் பக்கத்தில் காகிதம் செருகிய தத்துவ நூல்கள் ஐந்து கிடக்கின்றன. நீங்கள் அவற்றைப் பற்றிக் கேட்காவிட்டால், நானும் விரிப்பைப் பற்றிக் கேட்க மாட்டேன்.