கைடு சாரோடு மைசூர் புறப்பட்ட கதை

பெங்களூரில் படித்த காலம் முழுவதும் பார்க்க வேண்டிய இடம் எதையும் நான் பார்க்காமல் போனதற்கு ஒரே காரணம், ஞாயிறுதோறும் எங்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப்போன கைடு சார்தான். உலகத்தில் வேறு எந்த வழிகாட்டிக்கும் இந்தப் பெருமை கிடைத்திருக்காது.

நான் பினாங்கிலிருந்து வந்தவன். அறைத்தோழன் செல்வா யாழ்ப்பாணம். அல்சூரில் நாங்கள் குடியிருந்த மாடியில் அடுத்த அறைக்காரர் கைடு சார். டைப்ரைட்டிங் பள்ளியில் வேலை, கல்யாணம் ஆகாதவர். கப்பலேறி வந்து படிக்கிற பிள்ளைகள் ஊர் பார்க்காமல் திரும்பினால் பெங்களூருக்கே அவமானம் என்று அவராகவே முடிவு செய்து, அவராகவே பொறுப்பேற்றுக்கொண்டார். பெயர் மட்டும் நாங்கள் வைத்தது.

ஞாயிறு காலை கோட்டு, டை, தொப்பி, குடையோடு வாசலில் நிற்பார். புறப்படும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். வழியில் மனிதர்கள் இருப்பதுதான் தொல்லை. லால்பாக் பூங்காவுக்குக் கிளம்பிய அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் மகளுக்குக் கல்யாணம் என்றார். நாங்கள் பந்தியில் சாப்பிட்டோம். கைடு சார் பரிமாறினார். மாலையில் பெண்ணை வழியனுப்பும்போது பெற்றவரைவிட அதிகம் அழுததும் அவர்தான். நந்தி மலைக்குப் போன அன்று அடிவாரத்தில் ஒருவர் காணாமல் போன மாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நாங்களும் தேடினோம். மாடு கிடைத்தபோது திரும்பும் பஸ் வந்துவிட்டது.

"மலை ஏறேல்லையே அண்ணை," என்றான் செல்வா.

"அது எங்க போயிடப் போவுது? அடுத்த வாரம் பாத்துக்கலாம் பா."

பரீட்சை முடிந்து என் கப்பல் டிக்கெட்டும் வந்தது. பினாங்கில் அப்பா, மகன் மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டுத்தான் வருவான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எஞ்சியிருந்தது ஒரே ஞாயிறு. கைடு சாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"ரயில்ல யார்கிட்டயும் பேசக் கூடாது சார்."

"வாயே தெறக்கமாட்டேன் பா."

மத்தூர் வரை வாக்கைக் காப்பாற்றினார். அங்கே எதிரில் இருந்த பெண், கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிய மகனை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, கூஜாவோடு தண்ணீர் பிடிக்க இறங்கினாள். ரயில் புறப்பட்டது. அவள் வரவில்லை. வேறு பெட்டியில் ஏறியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டோம். மாண்டியாவில் கைடு சார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்தார். இல்லை.

"ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கொடுத்துட்டு ஏறுங்க சார்," என்றேன்.

கொடுத்தும் பார்த்தார். குழந்தை அவர் டையை விடவில்லை. "அம்மா பேக்கு, அம்மா பேக்கு" என்று அலறியது. அம்மா வேண்டும் என்று ஒரு குழந்தை அழுவதைப் புரிந்துகொள்ளக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க பா," என்றார். "உனக்கு இதான் கடைசி ஞாயிறு. என்னால இத விட்டுட்டு வர முடியாது."

கார்டு விசில் ஊதினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. செல்வா அதற்குள் பைகளோடு இறங்கி நின்றான். "அவரைத் தனிய விட்டிட்டு என்னெண்டு போறது?" என்றான். நானும் இறங்கினேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் மத்தூருக்குத் தந்தி அடித்தார். தாய் அங்கேதான் அழுதுகொண்டிருக்கிறாள், அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த வண்டி சாயங்காலம்தான்.

அதுவரை குழந்தையை என்ன செய்வது? கைடு சார் தமக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். தோளில் அதை உட்கார வைத்து, குடையை நீட்டி, ஸ்டேஷனைச் சுற்றிக் காட்டினார். குழந்தைக்குக் கன்னடத்தில், பின்னால் நடந்த எங்களுக்குத் தமிழில்.

"இது தராசு. மகாராஜாவோட யானைய இதுலதான் நிறுத்துவாங்க. இது மணி. அடிச்சாதான் ரயிலுக்குத் தூக்கம் கலையும்."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, யானை எங்கே என்று கேட்டது. குளிக்கப் போயிருக்கிறது என்றார். அவர் தொடங்கி, ஒழுங்காக முடித்த ஒரே சுற்றுலா அதுதான்.

வண்டி நிற்கும் முன்பே அந்தப் பெண் குதித்து ஓடி வந்தாள். மகன் முதுகில் ஓர் அடி வைத்தாள்; உடனே கட்டிக்கொண்டு கதறினாள். பிறகு கைடு சாரின் காலில் விழக் குனிந்தாள். அவர் பயந்துபோய் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்.

இனி போனால் அரண்மனை மூடியிருக்கும். பெங்களூர் வண்டியில் ஏறினோம். கைடு சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோவமா பா?"

"இல்ல சார்."

"அப்பா அரண்மனையப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவ?"

"நீங்க யானையப் பத்திச் சொன்ன மாதிரி எதையாவது சொல்லிடறேன்."

சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்த முகத்தோடே தூங்கிப்போனார். தலை என் தோளில் சரிந்தது. நல்ல கனம். ஊர் வந்து சேரும்வரை நான் தோளை அசைக்கவே இல்லை.